தித்தோனியா 6 அடி வளர்ந்தும் பூக்கலை, காத்துக்கு வேற ஒடியுது

கேள்வி (காட்பாடி)
ஆரஞ்சுப் பூ தித்தோனியா, மெக்சிகன் சூரியகாந்தின்னு சொல்றாங்களே அதுதான். ஆடியில விதைச்சது, வீட்டுப் பின்பக்கச் செம்மண்ணுல ஆளுயரத்துக்கு நிக்குது. மொட்டே இல்லை. வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊத்துறேன். சாயங்கால மழைக்காத்துல ரெண்டு கிளை கிழிஞ்சிடுச்சு. ஊட்டியிலிருந்து மஞ்சள் பூ வகைக் குச்சி தர்றாங்க, அதையும் நடலாமா?

பதில் 1
பிண்ணாக்கை நிறுத்துங்க சார். அதுல இருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானா இலையாத்தான் தள்ளும், பூ தள்ளிப்போகும், தண்டும் சதைப்பிடிச்சு பலமில்லாம போகும். உங்க ரெண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒண்ணுதான். நடும்போது குழிக்கு ரெண்டு கை தொழு உரம், அதோட சரி. விதைச்சு 8 - 10 வாரத்துல பூக்கணும். நேர் வெயில் 6 மணி நேரத்துக்குக் குறைஞ்சாலும் பூ சரியா வராது, அதையும் பாருங்க. மண்ணுல நட்ட செடிக்கு தினமும் தண்ணி வேண்டாம், மேல்மண் காய்ஞ்ச பிறகு வேர் நனைய ஊத்தினா போதும்.

பதில் 2
ஒடியறதுக்கு: ஒரு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளியிருந்தா புதரா கிளைச்சிருக்கும். இப்போ சவுக்குக் குச்சி ஊணுங்க, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வேர் அறுபடாம. பழந்துணியால எட்டு வடிவத்துல தளர்வா கட்டணும். சணலை இறுக்கினா அந்த இடத்துலயே முறியும். கிழிஞ்ச கிளையைக் கணுவுக்கு மேல சுத்தமா வெட்டிடுங்க. பூவுக்குக் கீழ காம்பு உள்ளே பொள்ளல், பறிக்கும்போது வளைக்காம கத்தரிக்கோலால வெட்டுங்க. அடுத்த தடவை தை மாசம் விதைங்க, ஐப்பசி மழையில மாட்டாது. செடிக்குச் செடி 2 அடி. விதை மேல மண்ணை லேசா தூவினா போதும், ஆழத்துல போட்டா முளைக்காது.

பதில் 3
மஞ்சள் பூ வேற இனம், தித்தோனியா டைவர்சிஃபோலியா. நீலகிரியில சாலையோரம் மண்டிக் கிடக்குமே, அதேதான். ஓராண்டுச் செடி இல்லை, பல வருஷம் நிக்கும், தண்டு கட்டையாகும். குச்சியிலும் துளிர்க்கும், விதையிலும் பரவும். வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டாம். இலையில தழைச்சத்து அதிகம், காய்ஞ்ச எடையில சுமார் 3.5 சதவீதம் உண்டு. அதனால பல நாட்டுல வெட்டி வயலுக்குத் தழையுரமா போடுறாங்க. உங்க ஆரஞ்சுச் செடிக்கு மட்டும் அதைப் போட்டுடாதீங்க!

கேள்வி (காட்பாடி)
நன்றி. விதை எப்போ எடுக்கணும்?

பதில் 2
வாடின பூவை அப்பப்போ வெட்டுங்க, கடைசியில நாலு தலையை விடுங்க. பழுப்பாகி மொறமொறன்னு ஆனதும் எடுக்கணும். முள்ளு மாதிரி குத்தும், கையுறை போட்டுக்கோங்க. தாமதிச்சா குருவி முந்திக்கும்.