லாங் டிரைவுக்கு எந்த பழைய கார் எடுக்கலாம்? உம்மாவுக்கு முதுகு வலி வேற

கீழக்கரைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். பத்து வருஷமா துபாய்ல கிடந்துட்டு இப்பதான் ஒரேடியா ஊரு வந்து சேந்துருக்கேன். சின்ன வயசுல வாப்பா ஒரு வெள்ளை அம்பாசடர் வச்சிருந்தாக, அதுல பின்னாடி ஆறு பேரு நெருக்கியடிச்சு ஏர்வாடி போனதெல்லாம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, அதனால புது வண்டி மேல மனசு போகல. ஆனா சும்மா வீட்டு வாசல்ல நிப்பாட்டி போட்டோ எடுக்க இல்ல, வருஷத்துல நாலஞ்சு தடவ ஈசிஆர்ல தொண்டி, மீமிசல் வழியா சென்னை வரைக்கும் ஓட்டணும், உம்மாவும் கூட வருவாக, அவுகளுக்கு முதுகு வலி. ஏசி கட்டாயம் வேணும். அம்பாசடர், கான்டஸா, பத்மினி மூணும் மனசுல இருக்கு. எதுல போனா எறங்கும்போது ஆளு முழுசா எறங்கலாம்?

ராம்நாடு ரைடர்:
கான்டஸா கிளாசிக், யோசிக்கவே வேணாம் பாய். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங், அம்பாசடருக்கு பின்னாடி பட்டை ஸ்பிரிங்தான், ஆளு கம்மியா இருந்தா பின்சீட்டுக்காரன தூக்கித் தூக்கி போடும். வண்டியும் அகலம், காலை நீட்டி உக்காரலாம். ஒண்ணு மட்டும் பாத்துக்கங்க, 84ல கான்டஸா வந்த புதுசுல அம்பாசடரோட அதே 1489 சிசி பழைய பிரிட்டிஷ் பிஎம்சி எஞ்சினத்தான் வச்சாங்க, அவ்ளோ பெரிய உடம்புக்கு அது பத்தாது, ரெண்டு லேன் ரோட்டுல ஒரு மீன் லாரிய ஓவர்டேக் பண்றதுக்குள்ள நமக்கு வேர்த்துரும். பின்னாடி வந்த 1.8 லிட்டர் இசுசு (ஜப்பான் கம்பெனி) பெட்ரோல் எஞ்சின், 5 கியர் உள்ளத மட்டும் பாருங்க. 80ல புடிச்சா எஞ்சின் சத்தமே இல்லாம மெதக்கும். பெட்ரோல் குடிக்கும், அத மறைக்க விரும்பல.

மண்டபம் டிங்கர்:
தம்பி, நீங்க எல்லாரும் எஞ்சினப் பத்தியே பேசுறீங்க. நம்ம கடற்கரையில பழைய வண்டி எஞ்சினால சாகுறதில்ல, துருவாலதான் சாகுது. கான்டஸாவோ அம்பாசடரோ ரெண்டுக்கும் தனியா சேஸ்னு அடிச்சட்டம் கிடையாது, பாடியேதான் சேஸ், அதனால கதவுக்கு கீழ ஓடுற பாட்டம் பாக்ஸ் அரிச்சுப் போச்சுன்னா வண்டி நடுவுல தொய்ய ஆரம்பிச்சுரும், கதவு சரியா மூடாது. நானே ஏமாந்துருக்கேன், வெளியூர்ல ஒரு ஆள்கிட்ட பளபளன்னு ஒரு வண்டி எடுத்தேன், அடியில கருப்பு பெயின்ட் அடிச்சு வச்சிருந்தான், வீட்டுக்கு வந்து ஜாக்கி வச்சா ஜாக்கி உள்ள போயிருச்சு, மேல வண்டி அப்படியே நிக்குது. அன்னையிலேருந்து சட்டைப் பையில ஒரு சின்ன காந்தம் இல்லாம எந்த வண்டியும் பாக்கப் போறதில்ல. ஓட்டைய மறைக்கப் பூசுற பட்டி கனமா போட்ட எடத்துல காந்தம் ஒட்டாது. அதே மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவர் வச்சு அடியில தட்டிப் பாருங்க, டங்குனு கேக்கணும், பொத்துனு கேட்டா காசை எடுத்துட்டு வந்துருங்க.

இன்னொண்ணு, போர் தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்தாதீங்க. நம்ம ஊரு உப்புத் தண்ணி ரெண்டே சீசன்ல உள்ள படிஞ்சு அடைச்சுரும், அப்புறம் வெயில்ல ஏசிய போட்டா எஞ்சின் சூட்டைக் காட்டுற ஊசி மேல ஏறிக்கிட்டே போகும். காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு ஒரு கேன் புடிச்சு வையிங்க, இல்ல கூலன்ட் ஊத்துங்க. வண்டி கழுவுறதும் அப்படித்தான். தனுஷ்கோடி போயிட்டு வந்தா அன்னைக்கு ராத்திரியே அடியில நல்ல தண்ணி அடிச்சுருங்க, காலைல பாத்துக்கலாம்னு விடக்கூடாது.

பத்மினி பிரியன்:
நான் பத்மினி வச்சிருக்கேன், உயிரு, ஆனா உங்களுக்கு வேணாம்னுதான் சொல்வேன். 1089 சிசி, ஸ்டியரிங் கம்பியில கியரு, டவுனுக்குள்ள ஓட்ட அம்சமா இருக்கும். சித்திரை வெயில்ல ரெண்டு மணி நேரம் ஓடுனா பெட்ரோல் பைப்புலயே ஆவியாகி வண்டி நின்னுரும், பானட்டத் தூக்கி பம்பு மேல ஈரத்துணி போட்டுட்டு கருவ மரத்து நெழலத் தேடணும். போன தடவ அப்படி நெழலுக்கு ஒதுக்குனதுல முள்ளு குத்தி டயரும் போச்சு. முதுகு வலிக்காரவுகள வச்சுக்கிட்டு இதெல்லாம் ஆகாது. எந்த கார்புரேட்டர் வண்டி எடுத்தாலும் பெட்ரோல் ஹோஸ், பம்புக்குள்ள இருக்குற டயாப்ரம்ங்கற ரப்பர் சவ்வு எல்லாத்தையும் மொதல்லயே மாத்திருங்க, இப்ப பங்க்ல வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர இளக்கிருது.

பேப்பர் விஷயத்துலயும் சூதானமா இருங்க. 50 வருஷம் தாண்டின வண்டிய 2021 விதிப்படி வின்டேஜ்னு ‘விஏ’ நம்பர்ல பதிஞ்சிருந்தா அத நெனச்சப்பெல்லாம் சென்னைக்கு ஓட்டிட்டுப் போக முடியாது, கண்காட்சி, ராலி, மெக்கானிக்குன்னுதான் வெளிய எடுக்கலாம். சாதா ஆர்சியா, 15 வருஷத்துக்குப் பெறகு 5 வருஷத்துக்கு ஒரு தடவ ரினியூவல் பண்ணிருக்கானா, பசுமை வரி கட்டிருக்கானான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

ராம்நாடு ரைடர்:
பெட்ரோல் ஹோஸ் விஷயம் கரெக்ட், எனக்கு போன மாசம்தான் கசிஞ்சுச்சு. காசு இருந்தா 95லேருந்து புனேல அசெம்பிள் பண்ண அந்த டபிள்யூ124 பென்ஸும் பாக்கலாம், சொகுசுன்னா அதுதான் சொகுசு, ஆனா ஒரு சின்ன பாகத்துக்கு கூரியர எதிர்பாத்து உக்காந்துருக்கணும்.

கீழக்கரைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பென்ஸெல்லாம் நமக்கு எட்டாது அண்ணே. நேத்து பரமக்குடியில ஒரு கான்டஸாவும் ஒரு அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டும் பாத்தோம், உம்மாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். ஓட்டுறதுக்கு எனக்கு கான்டஸாதான் புடிச்சுச்சு, சும்மா வழுக்கிட்டுப் போகுது. ஆனா சீட்டு தாழ்வா இருக்கா, எறங்கும்போது உம்மா என் தோளப் புடிச்சுக்கிட்டு ரெண்டு தடவ முயற்சி பண்ணாக. அம்பாசடர்ல நாற்காலியில உக்கார்ற மாதிரி ஏறுனாக, எறங்குனாக, "இதுதான் ஒங்க வாப்பா வண்டி"ன்னு வேற சொல்லிட்டாக. எஞ்சினும் அதே 1.8 இசுசுதான், 5 கியர், கியரு கீழ இருக்கு. பட்டை ஸ்பிரிங் தூக்கிப் போடும்னு சொன்னது உண்மைதான், முன்சீட்டுல உக்கார வச்சா அவ்வளவு தெரியல. ஆனா மண்டபம் அண்ணே சொன்ன மாதிரி காந்தம் வச்சுப் பாத்தேன், எடது பக்க கதவுக்கு கீழ ஒரு முழ நீளத்துக்கு ஒட்டவே இல்ல. விட்டுட்டு வந்துட்டோம். மதுரையில இன்னொரு ஐஎஸ்இசட் இருக்காம், மழை பாத்த வண்டி ஆனா கடல் பாத்ததில்லயாம். ஞாயித்துக்கிழம நீங்களும் வர முடியுமா அண்ணே?

மண்டபம் டிங்கர்:
வர்றேன். காலைல வேணாம், மத்தியானம் 12 மணிக்குப் போவோம். ஏசிய போட்டு மேலூர் வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்புவோம், ஊசி நடுவுல நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் வெல பேசலாம். உம்மாவையும் கூட்டிட்டு வாங்க.