பங்குக் கிணறும் பெரியப்பான்ர சாவும்

எங்கட ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண் பக்கம், தோட்டக் கிணறெல்லாம் பங்குக் கிணறு தான், உறுதியிலயே காணியோட கிணத்துப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதிக் கிடக்கும். பெரியப்பாவும் சித்தப்பாவும் கதையாமல் விட்டது இறைப்பு முறையால, ஆர் எப்ப தண்ணி இறைக்கிறது எண்டதில. பிறகு அது வேலிக்கு வந்திட்டுது, அடைக்கிற நேரமெல்லாம் கதியால், வேலிக்கு நடுற தடி, ஒரு சாண் இஞ்சால வருது எண்டு இவர் கத்த, இல்லையெண்டு அவர் கத்த, அப்பம்மான்ர செத்தவீட்டிலயும் ஆளுக்கொரு பக்கம் தான் நிண்டவை.

ஒருநாள் விடியப் பாத்தா பெரியப்பா அந்தக் கிணத்துக்க. பின்மண்டையில காயம். சனம் அப்பவே தீர்ப்புச் சொல்லிட்டுது. பொலிஸ், மரண விசாரணை அதிகாரி எல்லாம் வந்து, பிரேதம் பெரியாஸ்பத்திரிக்குப் போச்சு. அதுக்கிடையில மாமி ஒராள் போய், எப்பவோ சித்தப்பா கோவத்தில மண்வெட்டி தூக்கினதையும் பொலிசில சொல்லிட்டு வந்திட்டா. கொலையெண்டு ஒருக்கா வாயில வந்தா வீட்டுச் சண்டையெல்லாம் சாட்சி தான்.

நான் பாத்தது வேற. செருப்பு ரெண்டும் கிணத்துக்கட்டில சோடியா இருந்தது, கயித்தில ஒரு துண்டு மேல, மற்றது தண்ணியில. பம்புக் குழாயின்ர அடியில இருக்கிற புட்வால்வு பாக்க இறங்கிற ஆள் தான் செருப்பைக் கழட்டி வைக்கும். சட்ட வைத்திய அதிகாரியும் விழுந்து அடிபட்டு மூழ்கினது எண்டு தான் எழுதினவர். ஆனா பெரியம்மா நம்பேல்ல, 31ஆம் நாள் கீரிமலையில செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு சித்தப்பாவை வரவேண்டாமெண்டு சொல்லியனுப்பிட்டா.

பிறகு அவ தன்ர பங்கை வெளியாளுக்கு வித்தா. யாழ்ப்பாணத் தமிழற்ர தேசவழமைச் சட்டத்தில பங்காளிக்குத் தான் முதல் கேக்கோணும், அதுக்கு 1947 ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கு, சித்தப்பா அதைப் பிடிச்சுக்கொண்டு கோட்டுக்குப் போயிட்டார். உரிமை இருக்குத் தான், ஆனா போன நேரம் சரியில்லை எண்டு இப்பவும் சொல்லுவன். காணிக்குத் தான் செய்தவன் எண்டு சனத்துக்குக் காரணமும் கிடைச்சிட்டுது, ரிப்போட் வந்து முடிஞ்ச பிறகு!

---

அண்ணை, எங்கட பக்கம் கிணறில்லை, தேத்தண்ணி. மாமி பின்னேரம் தேத்தண்ணி குடிச்ச கையோட விழுந்து செத்தவா. மச்சாள்மார் ஒப்பாரியிலயே மருமகள் தான் தேத்தண்ணியில ஏதோ போட்டவள் எண்ட மாதிரிப் பாடிச்சினம், போஸ்ட்மோட்டத்தில மாரடைப்பு எண்டு வந்தும் விடேல்ல. நான் அண்டைக்கு அந்தக் குசினிக்க தான் நிண்டனான், அதே கேத்தில் தேத்தண்ணியை நானும் குடிச்சனான், பொலிசிலயும் சொன்னனான். அப்பிடிச் சொன்னதுக்கு மருமகள் எனக்கும் காசு தந்தவளாம்.