புதிய மென்பொருளை ஊழியர்கள் ஒதுக்கினால் குறை யாரிடம்?

நிறுவுநர்:
அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் புதிய தகவல் அமைப்புகளை நிறுவிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பயிற்சியில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், மறுவாரமே பழைய எக்செல் கோப்புக்குப் போய்விடுகிறார்கள். பழக்கத்தை விட மனமில்லை, அவ்வளவுதான். ஒரு தேதி குறித்துப் பழைய வழியை அடைத்துவிட வேண்டும் என்கிறேன்.

பேரேடு:
நான் கணக்குப் பிரிவில் இருப்பவன். நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. தகவல் அமைப்பு ஆய்வாளர் லின் மார்கஸ் 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு பெரிய நிறுவனத்தில் நிதித் தகவல் அமைப்பு வந்தது. தலைமையகக் கணக்காளர்கள் வரவேற்றார்கள், பிரிவுக் கணக்காளர்கள் எதிர்த்தார்கள். அதுவரை பிரிவுகள் தங்கள் எண்களைத் தொகுத்துச் சுருக்கமாக மேலே அனுப்பும். புதிய அமைப்பில் எல்லாம் ஒரே தரவுத்தளத்துக்குப் போனது, தலைமையகம் யாரையும் கேட்காமல் பார்க்கலாம். அதை வடிவமைத்த குழுவில் இருந்த தலைமையகக் கணக்காளர் ஒருவர் பின்னாளில் ஒரு பிரிவின் நிதிப் பொறுப்புக்கு மாற்றப்பட்டார். தான் உருவாக்க உதவிய அமைப்பையே அவர் கடுமையாக எதிர்த்தார்! அவருக்குப் பயிற்சி போதவில்லை என்பீர்களா?

நிறுவுநர்:
அது அதிகாரப் போட்டி. எல்லா இடமும் அப்படி இல்லை. ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் காட்டியது வேறு: ஒருவர் மென்பொருளை ஏற்பதற்குத் தனக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையும் கையாள எளிது என்ற எண்ணமும்தான் முக்கியம், அதிலும் பயனுக்கே எடை அதிகம். பயன்படுத்திப் பார்க்காமல் பயன் எப்படித் தெரியும்? முதல் தள்ளு நாம்தான் தர வேண்டும். தவிர, ஒருவர் தனிக் கோப்பில் சரக்கு இருப்பு எழுதினால் அடுத்த பிரிவு இல்லாத சரக்கை விற்றுவிடுகிறது. அந்தச் சேதத்துக்கு யார் பொறுப்பு?

வகுப்பறை:
சரக்கு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் டேவிஸ் கேட்டது "என் வேலைக்கு" உதவுமா என்று. ஆசிரியராகச் சொல்கிறேன்: வருகையைப் பதிவேட்டில் எழுதுகிறேன், கற்றல் தளத்தில் ஏற்றுகிறேன், அப்புறம் அலுவலகம் கேட்கும் படிவத்திலும் நிரப்புகிறேன். அறிக்கை அவர்களுக்கு, தட்டச்சு எனக்கு. ஆய்வாளர் ஜொனாதன் க்ரூடின் 1988-லேயே இதைச் சொல்லிவிட்டார்: உழைப்பு ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் போகும் மென்பொருள் தோற்கும். நீங்கள் தேதி குறித்தால் நானும் நிரப்புவேன். வார இறுதியில் மொத்தமாக, நினைவில் இருப்பதை வைத்து. உங்கள் திரையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும்.

கடைசி பெஞ்ச்:
மாணவர் பக்கமும் இதுதான். காணொளியை எத்தனை சதவீதம் பார்த்தோம் என்று தளம் காட்டுகிறது. ஒலியை அணைத்து ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் நிறைய. புரியாத இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்குத்தான் சதவீதம் குறைவாக வரும். அதைப் பார்த்து ஆசிரியர் யாரைக் கண்டிப்பார்?

நிறுவுநர்:
ஒரே தகவலை மூன்று இடத்தில் கேட்பது தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவேடு இருக்கும்வரை மூன்றும் தொடரும். அதற்காகவே சொல்கிறேன், தேதி வேண்டும்.

பேரேடு:
வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் அலுவலகப் படிவத்தை நிறுத்துங்கள். எந்தத் திரையை யார் பார்க்கப் போகிறார்கள், எதற்காக என்று நிரப்புகிறவர்களிடம் எழுத்தில் கொடுங்கள். என் பிரிவில் அதைக் கேட்டோம், இன்றுவரை பதில் இல்லை. நாங்கள் இன்னும் பழைய கோப்பிலும் புதிய அமைப்பிலுமாக இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம்.

வகுப்பறை:
எங்களிடமும் யாரும் சொன்னதில்லை. நிறுவுநர், உங்கள் பயிற்சியில் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாவது இருக்கிறதா?

நிறுவுநர்:
இல்லை. வாடிக்கையாளர் நிர்வாகம் அதை எங்களிடம் தருவதில்லை. அடுத்த இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன். தேதி விஷயத்தில் மட்டும் நான் மாறப்போவதில்லை.