நௌசிகாவின் நீலம்: 2 மணி நேரப் படமா, 7 தொகுதி மங்காவா?

தாழங்காடு:

நௌசிகா படத்தை மட்டும் பார்த்தவர்கள் அந்தக் கதையில் கால்வாசியைத்தான் பார்த்திருக்கிறார்கள். நண்பர்களிடம் இதைச் சொன்னதற்குப் போன வாரம் பெரிய சண்டையே வந்துவிட்டது. ஆற அமர எழுதினால்தான் சரிப்படும் என்று இங்கே வந்தேன். முடிவுவரை எல்லாவற்றையும் பேசப்போகிறேன். கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் பின்னணி. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ என்ற மங்காவை (ஜப்பானியப் படக்கதையை) ‘அனிமேஜ்’ இதழில் 1982-இல் தொடங்கினார். படம் 1984 மார்ச்சில் வந்துவிட்டது. மங்கா முடிந்ததோ 1994-இல். படத்தில் இருப்பது ஏறக்குறைய முதல் 2 தொகுதிகளின் கதை, அதுவும் பாதி மாற்றப்பட்டது. மிச்சத் தொகுதிகளை லாபுடா, டொடோரோ, கிகி, போர்கோ ரோசோ என்று 4 படங்களுக்கு நடுவே, விட்டுவிட்டு, பத்து வருடம் வரைந்தார்.

அந்தப் பத்து வருடத்தில் கதையின் அடித்தளமே புரண்டுவிட்டது. படம் சொல்வது இதுதான்: மனிதர்கள் கெடுத்த மண்ணை நச்சுக்காடு மெல்ல மெல்லச் சுத்தம் செய்கிறது, பொறுத்திருந்தால் நல்ல காலம் வரும். படத்தின் கடைசி ஷாட் நினைவிருக்கிறதா? காட்டுக்கு அடியில், சுத்தமான மணலில், கதாநாயகி நௌசிகாவின் தலைக்கவசம் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னத் தளிர்.

மங்காவில் அந்தத் தளிரின் உண்மை தெரியவருகிறது. நச்சுக்காடு தானாக முளைத்ததில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்பு மனிதர்களே மண்ணைச் சுத்தம் செய்யத் திட்டமிட்டு உருவாக்கியது. அதைவிடக் கொடுமை, இப்போதிருக்கும் மனிதர்களின் உடலும் நஞ்சோடு வாழும்படி மாற்றப்பட்டது. காடு தன் வேலையை முடித்து, காற்று முழுதாகச் சுத்தமாகும் நாளில், இவர்கள் இரத்தம் கக்கிச் சாவார்கள். அந்த உலகம் இவர்களுக்காகத் தயாராகவில்லை. ஷுவா என்ற நகரத்தின் கல்லறைக்குள் முட்டைகளாக உறங்கும் வேறு மனிதர்களுக்காகத் தயாராகிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நௌசிகா என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. படத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை.

வெள்ளித்திரைக் கண்ணன்:

அக்கா, “கால்வாசி” என்ற சொல் எனக்கு வலிக்கிறது. 7 தொகுதிகளையும் படித்தவன்தான் நான். படித்த பிறகும் படத்தின் பக்கமே நிற்கிறேன்.

2 மணி நேரத்துக்குள் ஒரு உலகத்தையே நம்பவைப்பது லேசான காரியமா? தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நௌசிகா காட்டுக்குள் ஓமு என்ற ராட்சதப் பூச்சி கழற்றிப்போட்ட ஓட்டைக் கண்டுபிடிக்கிறாள். தோட்டாவிலிருந்து வெடிமருந்தைக் கொட்டி, கண் வில்லையைச் சுற்றிப் பற்றவைத்துப் பெயர்த்தெடுக்கிறாள். பிறகு அந்த ஓட்டின் மேலேயே மல்லாந்து படுத்து, கண்ணாடி போன்ற வில்லையைத் தலைக்கு மேல் பிடித்தபடி வித்துத்தூள் பொழிவதைப் பார்க்கிறாள். முகமூடி இல்லாமல் சில நிமிடம் இருந்தால் உயிர் போய்விடும் இடம். அவளோ அழகாக இருக்கிறது என்று இரசிக்கிறாள். அவள் யார் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

அப்புறம் அப்பா கொல்லப்படும் காட்சி. படுக்கையில் கிடக்கும் நோயாளியை படையெடுத்துவந்த டொருமேகியா நாட்டு வீரர்கள் கொன்றுவிடுகிறார்கள். நௌசிகா வெறிகொண்டு ஒருவர் பின் ஒருவராக அடித்து வீழ்த்துகிறாள். அவளுடைய ஆசான் யூபா குறுக்கே வந்து தன் கையிலேயே அவளுடைய வாளை வாங்கிக்கொள்கிறார். இரத்தம் சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தன்னுணர்வு வருகிறது. பிற்பாடு, தான் யாருக்கும் தெரியாமல் செடி வளர்க்கும் அறையில் உட்கார்ந்து, தன்னைக் கண்டு தனக்கே பயமாக இருக்கிறது என்று அழுகிறாள். மங்காவில் அப்பா இப்படிச் சாவதில்லை. படத்துக்காக மியாசாகி புதிதாக எழுதிய காட்சி இது. எடுத்தது, வெட்டியது என்று மட்டும் பேசுகிறோம். சேர்த்ததையும் பேசவேண்டும்.

கடைசியாக நீலம். ஓமுக் குஞ்சு ஏரிக்குள் இறங்கிவிடாமல் தடுக்கும்போது அதன் இரத்தம் பட்டு அவளுடைய இளஞ்சிவப்பு உடை நீலமாகிறது. நீல உடையில் ஒருவர் பொன்வயலில் நடந்துவருவார் என்று ஊர்க்கிழவி சொல்லும் பழங்கதை அந்த நிறத்தால்தான் நிறைவேறுகிறது. மங்காவோ ஒற்றை மையில் அச்சானது. நீலத்தைச் சொல்லத்தான் முடியும், காட்ட முடியாது.

மழைக்குருவி:

நான் படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் போன மாதம்தான். கண்ணன் அண்ணா சொல்லும் காட்சியில் சின்னப் பிள்ளை குரலில் “லா லா” என்று ஒரு பாட்டு வருமே, அதைக் கேட்டால் இன்னும் தொண்டை அடைக்கிறது. மியாசாகியின் கிப்லி நிறுவனத்தின் முதல் படத்திலேயே இப்படி ஒரு இசையா என்று வியந்தேன். மங்காவில் அந்த இடம் எப்படி இருக்கும்?

பென்சில்நுனி:

தங்கச்சி, ஒரு சின்னத் திருத்தம். அது கிப்லி படம் இல்லை. டாப்கிராஃப்ட் என்ற நிறுவனத்தில் எடுத்தது. கிப்லி தொடங்கியது 1985-இல். அந்தப் பாட்டைப் பாடியது இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியின் மகள், அப்போது 4 வயதுக் குழந்தை.

நான் படம் வரைகிறவன். அதனால் கோட்டைப் பற்றிப் பேசுகிறேன். மியாசாகி இந்த மங்காவின் பெரும்பகுதியைப் பென்சிலிலேயே வரைந்து முடித்திருக்கிறார். அச்சிட்டது கறுப்பில் கூட இல்லை, செம்பழுப்பு மையில். மற்ற மங்காக்களைப்போல ஒரு பக்கத்தை நாலு விநாடியில் தாண்ட முடியாது. பக்கத்துக்குப் பத்துக் கட்டம், ஒவ்வொன்றிலும் கோட்டு நிழல், புழுதி, பூஞ்சை இழை. முதல்முறை எனக்குக் கண் வலித்தது. எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்றே சில கட்டங்களில் பிரித்தறிய முடியாது. இது ஒரு குறை என்று ஒத்துக்கொள்கிறேன். மேவே என்ற சின்னப் பறக்கும் ஊர்தியில் நௌசிகா பறக்கும் காட்சிகளில் படத்தை மங்கா நெருங்கவே முடியாது.

ஆனால் குஷானாவுக்காக மட்டுமே நான் மங்காவின் பக்கம். படத்தில் அவள் படையெடுத்து வரும் டொருமேகியா இளவரசி, அவ்வளவுதான். மங்காவில் அவளைக் கொல்லப் பார்ப்பது அவளுடைய சொந்தக் குடும்பம். அவளுக்கு வைத்த விஷத்தைத் தாய் குடித்துவிட்டு மனம் பேதலித்துப்போகிறாள். ஒரு பொம்மையை மகள் என்று நினைத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கும் அந்தத் தாயை ஒரு கட்டத்தில் வரைந்திருப்பார். பிறகு போரில் பூச்சிகள் மொய்த்துவரும்போது, தப்ப வழியில்லாமல், செத்துக்கொண்டிருக்கும் வீரர்களை அணைத்துக்கொண்டு குஷானா தாலாட்டுப் பாடுகிறாள். அங்கே இசை கிடையாது. பென்சில் கோடுதான். எனக்குக் கேட்டது.

வெள்ளித்திரைக் கண்ணன்:

பென்சில் அண்ணா சொல்வதில் குஷானா விஷயத்தை மறுக்கமாட்டேன். ஆனால் “அவ்வளவுதான்” என்பது அநியாயம். தன் இரும்புக் கையைக் காட்டி, எனக்குக் கணவனாக வருகிறவன் இதைவிடக் கோரமானதைப் பார்ப்பான் என்று அவள் சொல்லும் இடம் ஒன்று போதும். பூச்சிகள் அவளை என்ன செய்தன, ஏன் காட்டை எரிக்கத் துடிக்கிறாள் என்பது அந்த ஒரு வசனத்தில் வந்துவிடுகிறது.

தாழங்காடு அக்காவிடம் ஒரு கேள்வி. காட்டுக்கு அடியில் நௌசிகாவும் பெஜிடே நாட்டு இளவரசன் அஸ்பெலும் விழும் காட்சி மங்காவிலும் இருக்கிறது. அங்கே முகமூடியைக் கழற்றிவிட்டு நன்றாகத்தானே மூச்சுவிடுகிறார்கள்? பிறகு, சுத்தமான காற்றில் செத்துப்போவார்கள் என்று கடைசியில் சொன்னால், நடுவழியில் அவர் கதையை மாற்றிவிட்டார் என்றுதானே அர்த்தம்? படம் தொடங்கிய இடத்துக்கு உண்மையாக முடிகிறது. மங்கா அப்படி முடியவில்லை.

இன்னொன்றும் கேட்கவேண்டும். அந்த முட்டைகளை நௌசிகா அழித்துவிடுகிறாளே. இன்னும் பிறக்காத, ஒரு தப்பும் செய்யாத மனிதர்கள். ஒரு ஓமுக் குஞ்சுக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த பெண் இதை எப்படிச் செய்வாள்? என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

தாழங்காடு:

கண்ணன், நடுவழியில் மாற்றினார் என்பது உண்மைதான். என் கட்சியே அதுதான். 1982-இல் தொடங்கியவரும் 1994-இல் முடித்தவரும் ஒரே மியாசாகி இல்லை. இடையில் சோவியத் ஒன்றியம் உடைந்தது. யுகோஸ்லாவியாவில் பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவரை ஒருவர் கொன்றார்கள். அந்தப் போர் தன்னை எவ்வளவு உலுக்கியது என்று அவரே பேசியிருக்கிறார். முதலில் எழுதிய நம்பிக்கையை அவரால் அப்படியே முடிக்க முடியவில்லை. முடித்திருந்தால் நான் இன்று இதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். படத்தின் முடிவில்கூட, ஓமுக்கள் அவளை உயிர்ப்பிக்கும் இடம் மதச் சித்திரம்போல ஆகிவிட்டதே என்ற குறை அவருக்கு இருந்தது.

முட்டைகளைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. நானும் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனேன். நௌசிகாவும் தன்னை நல்லவள் என்று சொல்லிக்கொள்வதில்லை. தான் செய்யப்போகும் பாவம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் செய்கிறாள். அதைச் செய்ய அவள் பயன்படுத்துவது யாரை என்று பாருங்கள். படத்தில் இரண்டே முறை நெருப்பைக் கக்கிவிட்டு உருகிப்போகும், பழங்காலத்து ஆயுதமான அந்த ராட்சத வீரன், மங்காவில் அவளை அம்மா என்று கூப்பிடுகிறான். அவனுக்கு ஓமா என்று பெயர் வைக்கிறாள். பெயர் வைத்ததும் அவனுக்குப் பேச்சும் அறிவும் வந்துவிடுகின்றன. அவனிடமிருந்து வரும் நச்சு ஒளியில் அவளுடைய அணில் டெட்டோ செத்துப்போகிறது. தன்னை அம்மா என்று நம்பும் பிள்ளையைத்தான் கல்லறையை உடைக்க அனுப்புகிறாள்.

கல்லறையின் வாக்குறுதி என்ன? நஞ்சில்லாத உலகம், வன்முறையே இல்லாதபடி வடிவமைத்த மனிதர்கள். அதுவரை இப்போதிருப்பவர்கள் வெறும் கருவி. ஓமு செத்துச் செத்து மண்ணைச் சுத்தம் செய்யட்டும், விவசாயி பூஞ்சையில் அழுகட்டும், கணக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதியாகிவிட்டது. அந்தக் கணக்கைத்தான் அவள் உடைக்கிறாள். வாழ்வில் நஞ்சும் வலியும் இருந்தாலும் அது வாழ்வுதான் என்கிறாள். அதன் பிறகு மக்களிடம் வந்து உண்மையைச் சொல்லாமல் மறைக்கிறாள். அந்தப் பொய்யோடுதான் அவள் மிச்ச நாளை வாழவேண்டும்.

நீலத்தைப் பற்றிச் சொன்னீர்களே. கல்லறை உடையும்போது அதிலிருந்தும் இரத்தம் பீறிடுகிறது. அந்த இரத்தமும் ஓமுவின் இரத்தமும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிகிறது. வெறுத்து உடைத்ததும், உயிராக நேசித்ததும் ஒரே இரத்தம். செம்பழுப்பு மையில் அச்சான பக்கத்தில் அந்த நீலம் இருக்கிறது.

பென்சில்நுனி:

அக்கா அந்த இரத்தத்தைத் தொட்டுவிட்டீர்கள். நான் அதைத் தனியாக எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்த 7 தொகுதியையும் வேறு வடிவத்தில் கொண்டுவரவே முடியாது என்று நினைத்திருந்தேன். 2019 டிசம்பரில் டோக்கியோவின் ஷின்பாஷி என்புஜோ அரங்கில் முழுக் கதையையும் கபுகி நாடகமாகப் போட்டார்கள். பகலில் பாதி, இரவில் பாதி. திரைப்படமாக மட்டும் மீதிக் கதை இன்னும் வரவில்லை.

மழைக்குருவி:

எல்லாவற்றையும் படித்துவிட்டேன், முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை என்று. நேற்று ராத்திரி தம்பியோடு உட்கார்ந்து படத்தை மறுபடி பார்த்தேன். கடைசியில் அந்தத் தளிர் வந்ததும் நிறுத்திவைத்தேன். போன தடவை பார்த்தபோது இனி எல்லாரும் நன்றாக இருப்பார்கள் என்று தோன்றியது. இப்போது, அந்தச் செடி பெரிதானால் இவர்கள் யாரும் இருக்கமாட்டார்களே என்று தோன்றுகிறது. தம்பிக்கு ஒன்றும் தெரியாது. செடியைப் பார்த்துக் கைதட்டினான். அவனிடம் சொல்லவில்லை.

வெள்ளித்திரைக் கண்ணன்:

குருவி எழுதியதைப் படித்துவிட்டு நானும் 7-ஆம் தொகுதியை எடுத்தேன். கல்லறைக் கட்டங்களை மட்டும் இரண்டு முறை. போன தடவை படித்தபோது கோபத்தில் வேகமாகப் புரட்டியிருக்கிறேன் போலிருக்கிறது. இரத்தம் ஒன்றுதான் என்ற அந்த இடம் என் நினைவிலேயே இல்லை. முட்டைகள் விஷயத்தில் என் மனம் மாறவில்லை. அவள் செய்தது தப்பு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைத் தெரிந்தே செய்கிறாள் என்று அக்கா சொன்னது சரி. அவளுடைய முகத்தை அங்கே அப்படித்தான் வரைந்திருக்கிறார்.

அதற்காகப் படத்தை விட்டுக்கொடுக்கமாட்டேன். குருவியின் தம்பி கைதட்டினானே, அந்தக் கைதட்டலும் மியாசாகி கொடுத்ததுதான். 1984-இல் அவர் அதை முழுமனதோடு நம்பித்தான் வரைந்தார். அக்கா, உங்கள் முதல் வரியிலிருந்து “கால்வாசி” என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தாழங்காடு:

அப்பா சாகும் காட்சியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோதே அந்தச் சொல் எனக்கும் உறுத்தியது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தம்பி. மற்றதில் எதையும் மாற்றுவதாக இல்லை.

குருவி, நூலகத்தில் கிடைத்தால் முதல் தொகுதியிலிருந்தே தொடங்குங்கள். படம் பார்த்தாயிற்றே என்று மூன்றாவதுக்குத் தாவாதீர்கள். பெஜிடே செய்ததாகப் படத்தில் வரும் பல வேலைகளை மங்காவில் டோரோக் என்ற வேறொரு நாடு செய்யும். குழம்பிவிடும்.

மழைக்குருவி:

முதல் தொகுதி கிடைத்துவிட்டது. பேருந்தில் பாதி படித்தேன். குஷானாவுக்கு இரண்டு கையும் இருக்கிறதே!

பென்சில்நுனி:

இருக்கும். மேலே படியுங்கள்.