தூக்க மாத்திரை அன்றைய அதிர்ச்சியை மறக்கச் செய்யுமா, பதியச் செய்யுமா?

கேள்வி – வைகறை:
சாலை விபத்து ஒன்றை நேரில் கண்ட என் தம்பிக்கு அன்று முதல் உறக்கம் வராததால், மருத்துவர் சில இரவுகளுக்கு மட்டும் சோல்பிடெம் எழுதிக் கொடுத்தார். உறக்கம் வந்துவிட்டது, ஆனால் அந்தக் காட்சி சற்றும் மங்கவில்லை என்கிறான். இம்மாத்திரை மறதியை உண்டாக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் அந்தக் காட்சியும் மறந்திருக்க வேண்டாமா?

பதில் – நிலவன்:
மாத்திரையை விழுங்கிய பின் நடப்பவைதான் மறந்துபோகும். விழுங்கிவிட்டுப் படுக்காமல் அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர், பேசியதே நினைவில்லை என்று காலையில் சொல்வது இதனால்தான். விழுங்குவதற்கு முன்பே மனத்தில் ஏறிவிட்ட நினைவுகளின் கதை வேறு. ஆழ்ந்த உறக்கத்தை நோக்கிச் செல்லும்போது மூளையில் ஸ்பிண்டில் எனப்படும் குறுகிய அலைத்தொடர்கள் எழுகின்றன; பகலில் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியில் தற்காலிகமாகத் தங்கிய நினைவுகள் நிலைபெறுவதில் இவற்றுக்குப் பங்குண்டு. சோல்பிடெம் இந்த அலைகளை அதிகரிக்கிறது. கலிபோர்னியாவில் சாரா மெட்னிக் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், படங்களைப் பார்த்தபின் இம்மருந்துடன் பகலில் உறங்கியவர்கள், வெற்று மாத்திரையுடன் உறங்கியபோது இருந்ததைவிட, மனத்தைக் கலக்கும் படங்களையே கூடுதலாக அடையாளம் கண்டனர். இரவு முழுவதுமான உறக்கத்திலும் எதிர்மறை நினைவுகளை அம்மருந்து தக்கவைப்பதாக அதே குழு 2022-இல் எழுதியது.

பதில் – தெளிவு:
நிலவன் சொன்னது சரிதான், ஆனால் அதை இந்த நோயாளிக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் உறக்கக் கோளாறு இல்லாதவர்கள். அவர்கள் பார்த்தது திரையில் தோன்றிய படங்கள். தன் கண்முன் ஒருவர் அடிபடுவதைக் கண்டவரின் நிலை அதுவன்று. மேலும், ஒன்றை அடையாளம் காணும் திறனும், அதை நினைத்தவுடன் நெஞ்சு படபடப்பதும் ஒன்றல்ல. அத்தகைய காட்சி சில வாரங்களுக்கு மங்காமலிருப்பது மாத்திரை இல்லாதவர்களுக்கும் நேர்வதே.

வைகறை:
அப்படியென்றால் மாத்திரையை உடனே நிறுத்திவிடச் சொல்லலாமா?

பதில் – நிலவன்:
தானாக நிறுத்த வேண்டாம். தொடர்ந்து எடுத்துக்கொண்டவர் திடீரென விட்டால், முன்பைவிட மோசமான உறக்கமின்மை சில இரவுகளுக்கு வரக்கூடும். காட்சி மங்கவில்லை என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். தூக்கம் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்திருக்கக்கூடும். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் சிகிச்சை வழிகாட்டி, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு, மூளையில் சோல்பிடெம் செயல்படும் அதே ஏற்பியில் (மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தில்) செயல்படும் பென்சோடயசிபின் என்னும் அமைதியூட்டும் மருந்துகளைத் தர வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட உளவியல் சிகிச்சையே அங்கு முதலிடம் பெறுகிறது. ஒரு மாதத்துக்கு மேலும் காட்சி துரத்தினால் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது.