எல்லிஸ் பீட்டர்ஸ் 63 வயதில்தான் காட்ஃபைலைக் கண்டடைந்தாரா?

கேள்வி:

துறவி காட்ஃபைல் துப்பறியும் வரிசையில் முதல் மூன்று நாவல்களை அண்மையில் படித்து முடித்தேன். அவற்றை எழுதிய எல்லிஸ் பீட்டர்ஸ் 1913-இல் பிறந்தவர். வரிசையின் முதல் நாவலோ 1977-இல் வெளிவந்திருக்கிறது. அறுபதைக் கடந்த ஒருவர் 12-ஆம் நூற்றாண்டு மடாலயத்தை இத்தனை நெருக்கமாக எழுதியது எவ்வாறு? அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? கதைகளில் உண்மை எது, புனைவு எது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:

அது தாமதமாகத் தொடங்கிய எழுத்து அன்று, நண்பரே. ஈடித் பார்ஜிட்டர் என்ற இயற்பெயரில் அவருடைய முதல் நாவல் 1936-இலேயே வெளிவந்துவிட்டது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் ஹார்ஸ்ஹே என்னும் ஊரில் பிறந்து, பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காமல், 1933 முதல் 1940 வரை டாலி நகரின் மருந்துக் கடையொன்றில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். போர்க்காலத்தில் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்து லிவர்பூலில் டெலிபிரிண்டர் என்ற தொலைத்தட்டச்சுக் கருவியை இயக்கினார். அந்தப் பணிக்காக 1944-இல் பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கம் பெற்றார்.

எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயர் 1959-இல்தான் வந்தது. எல்லிஸ் என்பது அவருடைய அண்ணன் பெயர். துப்பறியும் கதைகளுக்கு இந்தப் பெயர், வரலாற்று நாவல்களுக்கு இயற்பெயர் என்று இரண்டையும் பிரித்து வைத்திருந்தவர், காட்ஃபைலில்தான் இரண்டு கைகளாலும் ஒரே கதையை எழுதினார் என்பது என் எண்ணம். மருந்துக் கடையில் கழிந்த ஏழு ஆண்டுகள்தாம் அந்தத் துறவியின் மூலிகைக் குடிலாக உருமாறின.

மறுமொழி 2:

உண்மை, புனைவு பற்றிய கேள்விக்கு இரண்டாம் நாவலே சிறந்த சான்று. 1138-இல் இங்கிலாந்து மன்னர் ஸ்டீபன், காட்ஃபைலின் மடம் இருக்கும் ஷ்ரூஸ்பரி நகரின் கோட்டையைக் கைப்பற்றியபின், அர்னல்ஃப் என்ற தளபதியையும் அவருடன் சேர்ந்து மன்னரை எதிர்த்து நின்ற ஏறத்தாழ 93 பேரையும் தூக்கிலிட்டதாக, அக்காலத்தவரான ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். நாவலில், அந்த 94 உடல்களை அடக்கம் செய்ய ஆயத்தம் செய்யும் பொறுப்பை ஏற்ற காட்ஃபைல் எண்ணிப் பார்க்கும்போது 95 இருக்கின்றன. வரலாற்றின் கணக்கில் கைவைக்காமல், அதனோடு ஒன்றைக் கூட்டுகிறார் ஆசிரியர். அந்த ஒன்றுதான் கதை. கொலைகாரன் ஓர் உடலை ஒளித்து வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

முதல் நாவலும் இதே முறையில் அமைந்ததுதான். ராபர்ட் பென்னந்த் என்ற துறவி வேல்ஸ் நாட்டு க்விதெரினிலிருந்து புனித வினிஃப்ரெடின் எலும்புகளை ஷ்ரூஸ்பரி மடத்துக்குக் கொண்டுவந்ததும், அதைத் தாமே நூலாக எழுதியதும் வரலாறு. தங்கள் புனிதரை அவ்வூரார் மறுபேச்சின்றிக் கொடுத்திருப்பார்களா என்ற ஐயத்தில் புனைவு தொடங்குகிறது. மறுத்துப் பேசிய நிலக்கிழார் அம்பு தைத்துக் கிடக்கிறார்.

மறுமொழி 3:

முதல் மறுமொழியிலுள்ள மருந்துக் கடை விளக்கத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. எழுத்தாளரின் பழைய வேலையை அப்படியே பாத்திரத்தின் தலையில் ஏற்றுவது நம்மில் பலருக்கும் உள்ள பழக்கம். மூன்றாம் நாவலில் மூட்டுவலிக்குத் தேய்ப்பதற்காகக் காட்ஃபைல் தம் கையால் காய்ச்சிய தைலம் ஒருவருடைய உணவில் கலக்கப்படுகிறது. அதில் சேர்ந்திருப்பது வச்சநாபி இனத்துச் செடியின் வேர்; தோலின்மேல் வலியைத் தணிக்கும், உள்ளே போனால் உயிரை வாங்கும். அந்த மருந்தறிவு கடையில் வாய்த்ததாகவே இருக்கட்டும். ஆனால் தாம் காய்ச்சிய மருந்தே கொலைக் கருவியாகிவிட்டது என்று ஒரு முதியவர் குமைவதை எந்தக் கடையும் கற்றுத் தராது. அந்த நாவல் 1980-இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் வெள்ளிக் குறுவாள் விருதைப் பெற்றது.

பீட்டர்ஸ் செக் மொழியைக் கற்று, போஹுமில் ஹ்ராபால் உள்ளிட்ட செக் எழுத்தாளர்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததையும் கணக்கில் கொள்ளவேண்டும். வேல்ஷ் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே காட்ஃபைல் மொழிபெயர்ப்பாளராக நிற்கும் காட்சிகள், அந்த வேலையைத் தாமே செய்து பார்த்தவரின் எழுத்தாகவே எனக்குத் தோன்றுகின்றன. பெயரின் உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன்: வேல்ஷ் முறைப்படி அது ‘காட்வைல்’, ‘காட்ஃபைல்’ என்பதே வழக்கில் நிலைத்துவிட்டது.

கேட்டவர்:

மிக்க நன்றி. எஞ்சியவற்றை வரிசைப்படியே படிக்கவேண்டுமா? டெரெக் ஜாக்கபி நடித்த தொலைக்காட்சித் தொடரை முதலில் பார்க்கலாமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்:

படித்த பிறகு பாருங்கள். தொடர் 13 பகுதிகள்தாம், அதுவும் இரண்டாம் நாவலிலிருந்து தொடங்கி வரிசையை மாற்றிவிடுகிறது. மொத்த நாவல்கள் இருபது. இடையில் சிலவற்றைத் தாண்டினாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் ஆறாவது நாவலைத் தவறவிட்டுவிடாதீர்கள். அதில் பனிக்காலத்தில் வந்துபோகும் ஓர் இளைஞனின் கதை, 1994-இல் வெளிவந்த கடைசி நாவலில்தான் முடிகிறது. அதற்கு அடுத்த ஆண்டு ஆசிரியர் காலமானார்.