ஒய்தா, கினோஸ்கோ: இரண்டு அறிதல்களா, ஒன்றா?

அருளாளன்:
யோவான் 21:17இல் பேதுரு இயேசுவிடம் ‘நீர் எல்லாவற்றையும் அறிவீர்’ என்னும் இடத்தில் கிரேக்க மூலம் ‘ஒய்தா’ என்னும் வினையைக் கொண்டு ‘ஒய்தாஸ்’ என்கிறது. ‘நான் உம்மை நேசிக்கிறேன் என்பதையும் நீர் அறிவீர்’ என்னும் இடத்திலோ ‘கினோஸ்கோ’ என்னும் வேறு வினையைக் கொண்டு ‘கினோஸ்கெய்ஸ்’ என்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் பெயர்ப்பதில் பொருள் இழப்பு நேர்கிறது என்பது என் உறுதியான கருத்து. ‘கண்டேன்’ எனப் பொருள்படும் ‘எய்தொன்’ பிறந்த வேரிலிருந்தே ஒய்தாவும் வந்தது. அது, செயல் முடிந்து அதன் பயன் நிலைத்திருப்பதைக் காட்டும் நிறைவு வினைவடிவம். ஆகவே அது நேரில் கண்டு தெளிந்த முழு அறிவு. கினோஸ்கோ பழக்கத்தால் படிப்படியாகப் பெறும் அறிவு.

மீனலோசனி:
வேரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். ‘லூஓ’ (அவிழ்க்கிறேன்) என்பது ‘லெலூகா’ என்றும், ‘கிராஃபோ’ (எழுதுகிறேன்) என்பது ‘கெக்ராஃபா’ என்றும் முதலெழுத்தை இரட்டித்து நிறைவு வடிவம் பெறுகின்றன. ஒய்தா அவ்வாறு இரட்டிப்பதில்லை. ஒருமையில் ‘ஒய்தா’, பன்மையில் ‘இஸ்மென்’ என வேரின் உயிர் மாறுவது, சமற்கிருதத்தின் ‘வேத’, ‘வித்ம’ என்னும் இணையோடு அப்படியே பொருந்துகிறது. அங்கும் இரட்டிப்பு இல்லை, அங்கும் பொருள் ‘அறிவேன்’ என்பதே. அப்படியானால் காணுதல் என்ற பொருள் நீங்கி அறிதல் என்ற பொருள் நிலைத்தது கிரேக்கம் தனிமொழியாகப் பிரிவதற்கு முன்பே. சாக்ரடீஸ் தம் விசாரணை உரையில், தாம் அறியாததை அறிந்ததாக எண்ணுவதில்லை என்று சொல்லும்போது பிளேட்டோ எழுதுவதும் இந்த வினையைத்தான். அங்கே கண்ணால் காணப்பட்ட பொருள் எதுவும் இல்லை.

இளம்பரிதி:
ஒரு சான்றைச் சேர்க்கிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் பழைய ‘இஸ்மென்’ மறைந்து, ஒருமையை ஒட்டி அமைத்த ‘ஒய்தமென்’ பெருவழக்காகிவிட்டது. பவுல் அகிரிப்பா அரசன்முன் பேசும் அப்போஸ்தலர் 26:4இல் மட்டும் ‘இசாசி’ என்ற பழைய பன்மை தலைகாட்டுகிறது. அரசவைக்கேற்ற நடை என்று அதை நான் கொள்கிறேன். பேசுவோர் இதைச் சாதாரண நிகழ்கால வினையாகவே நடத்தினார்கள்.

அருளாளன்:
வடிவ வரலாறு எதுவாயினும், யோவான் காரணமின்றிச் சொல்லை மாற்றமாட்டார். 13:7இல் இயேசு பேதுருவிடம் சொல்லும் ‘நான் செய்வதை நீ இப்போது அறியாய்’ என்பதற்கு ஒய்தா. ‘பிறகு அறிவாய்’ என்பதற்கு கினோஸ்கோ. வேறுபாடு இங்கே கண்கூடு.

மீனலோசனி:
அந்த வசனத்தை நானே எடுத்துக்காட்ட இருந்தேன். ஒய்தாவுக்கு அயோரிஸ்ட், அதாவது ஒரு நிகழ்வை முழுமையாக எடுத்துச் சொல்லும் கிரேக்க வினைவடிவம், கிடையாது. அதன் இறந்தகாலமான ‘ஏய்தெய்ன்’ கூட ‘அறிந்திருந்தேன்’ என்ற நிலையைத்தான் சொல்லும். அறியாமையிலிருந்து அறிவுக்கு வரும் அந்த நிகழ்வைச் சொல்ல வேண்டுமானால் கினோஸ்கோவிடம்தான் போக வேண்டும். பேதுரு இனிமேல்தான் புரிந்துகொள்ளப் போகிறார். எனவே அங்கே அந்த வினை. இது வினையின் இயல்பு சார்ந்த வேறுபாடே தவிர, உயர்ந்த அறிவு, தாழ்ந்த அறிவு என்ற வேறுபாடு அன்று. இரண்டும் ‘அறிந்திருக்கும்’ நிலையைக் குறிக்கும் இடங்களில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று தாராளமாக வருகிறது. 21:15, 16 ஆகிய இரண்டு வசனங்களிலும் பேதுரு ‘நான் உம்மை நேசிக்கிறேன் என்பதை நீர் அறிவீர்’ என்ற அதே வாக்கியத்தை ‘ஒய்தாஸ்’ கொண்டே சொல்கிறார்.

அருளாளன்:
‘என்னை நேசிக்கிறாயா’ என்று இயேசு மூன்றாம் முறை கேட்டதும் பேதுரு துக்கப்பட்டார் என்று அதே வசனம் சொல்கிறதே. துக்கப்பட்டவர் வேறு சொல்லை நாடியது தற்செயலாகுமா?

மீனலோசனி:
அதே உரையாடலில் நேசிப்பதற்கு இரண்டு வினைகள், மேய்ப்பதற்கு இரண்டு வினைகள், ஆட்டுக்கு இரண்டு பெயர்கள் வருகின்றன. சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது யோவானின் நடை. அவற்றுள் இந்த ஓரிணைக்கு மட்டும் தனிப் பொருள் உண்டு என்பதற்கு, வேர்ச்சொல்லைத் தவிர வேறு சான்று அந்தப் பகுதியிலிருந்தே வேண்டும். இருந்தால் வசனத்தைக் காட்டுங்கள்.